கோப்பையின் குரல்

நுழையும்முன்

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால் கண்டறியும் தொழிலாளர்கள் நம் ஊர்களில் இன்றும் உள்ளனர். அவர்கள் கேட்டு அறிவதைக் கணிதம் எண்களால் அறிகிறது. பாடநூலில் வெறும் சூத்திரமாக நின்ற ஃபூரியர் உருமாற்றம், விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பைகளின் முன் தமக்கு எவ்வாறு பொருள் பெற்றது என்பதைக் கட்டுரையாளர் இங்கு நினைவுகூர்கிறார்.

விருத்தாசலத்துக்குப் பெயர்கள் பல. திருமுதுகுன்றம், பழமலை என்பன பழைய பெயர்கள். மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் பழமலைநாதர் கோயிலை வழிபட வருவோர் அப்பெயர்களை அறிவர். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையே வண்டி மாற இறங்குவோர், பாதைகள் பிரியும் ஒரு சந்திப்பு நிலையமாக மட்டுமே இவ்வூரை அறிவர். இவ்விரு கூட்டத்தாரும் பெரும்பாலும் அறியாத பெயர் ஒன்று உண்டு. அது பீங்கான் நகரம் என்பது. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பயிற்றுவிக்கும் அரசுக் கல்லூரி ஒன்று இங்கு இயங்குகிறது. அதைச் சுற்றிய பகுதிகளில் சிறு சிறு தொழிற்கூடங்கள் உள்ளன. கொலுப் பொம்மைகள், அகல் விளக்குகள், கோப்பைகள் எனப் பல பொருள்கள் அக்கூடங்களில் உருவாகின்றன.

கோப்பை உருவாகும் முறை எளிமையானது. ஆனால், பொறுமை வேண்டுவது. களிமண், குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றை அரைத்து நீரில் கரைத்த கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் ஓர் ஏடாகப் படியும். எஞ்சிய கூழைக் கவிழ்த்து வடித்துவிட்டால் உள்ளே கோப்பை நிற்கும். அது காய்ந்தபின் பிடியை ஒட்டிப் பளபளப்புப் பூச்சில் தோய்த்துச் சூளையில் அடுக்குவர். சூளை ஆறியபின் வெளிவரும் கோப்பைகள் யாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுள் எது நல்லது, எது கெட்டது என்று பிரிக்கும் மேசையில் என் பெரியம்மா வேலை பார்த்தார்.

அவருடைய கருவி சாண் நீளமுள்ள ஒரு கருவேலங்குச்சி. இடக்கையின் மூன்று விரல்நுனிகளில் கோப்பையைத் தாங்குவார். பிடிக்கு நேர் எதிரே விளிம்பில் ஒரு தட்டு. 'கணீர்' என்றால் வலப்பக்கம், இல்லையென்றால் இடப்பக்கம். ஒரு கோப்பைக்கு இரண்டு நொடிகள்கூட ஆகா. சந்தையில் பானை வாங்குவோர் சுண்டிப் பார்த்து வாங்குவதும், நீராவி வண்டிக் காலத்தில் இரயில் நிலைய ஊழியர் நீண்ட சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே நடந்ததும் இதே கலைதான். ஆனால், பானையைச் சுண்டுபவர் ஒரு பானையைத்தான் சுண்டுகிறார். பெரியம்மா நாள்தோறும் நூற்றுக்கணக்கில் தட்டினார்.

பெருக்கிக் கூட்டுதல்

பொறியியல் கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் சைகைப் பகுப்பாய்வு எனக்குப் பாடமாக அமைந்தது. அப்பாடத்தின் நடுநாயகம் ஃபூரியர் உருமாற்றம். காலத்தோடு மாறும் எந்த அலையையும் வெவ்வேறு அதிர்வெண் கொண்ட எளிய சைன், கொசைன் அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு கலந்துள்ளது என்று சொல்லும் முறை அது. அதன் பண்புகளைப் பட்டியலாக எழுதி விடுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். கூட்டல் பண்பு, காலப் பெயர்ச்சிப் பண்பு, அளவு மாற்றப் பண்பு, பெருக்கல் பண்பு என அது நீண்டது. நாளொன்றுக்குப் பத்துக் கணக்குகள் என்று வைத்துக்கொண்டு போட்டேன். விடைகள் சரியாக வந்தன. அவை எதைப் பற்றிய விடைகள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இம்முறையின் உயிர் ஒரு சிறு செயலில் அடங்கியுள்ளது. ஓர் அலையைச் சம இடைவெளியில் நான்கு முறை அளந்ததில் 1, 0, −1, 0 என்ற எண்கள் கிடைத்தன எனக் கொள்வோம். இந்தக் கால அளவில் ஒருமுறை ஏறி இறங்கும் அலை இதனுள் எவ்வளவு இருக்கிறது? அவ்வலையின் எண்களும் 1, 0, −1, 0 என்பனவே. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நேருக்கு நேர் பெருக்கிக் கூட்டுங்கள். 1 + 0 + 1 + 0, விடை 2. இனி, இருமுறை ஏறி இறங்கும் அலையைத் தேடுவோம். அதன் எண்கள் 1, −1, 1, −1. பெருக்கிக் கூட்டினால் 1 + 0 − 1 + 0, விடை சுழி. தேடிய அலை உள்ளே இருந்தால் கூட்டுத்தொகை வளர்கிறது. இல்லையென்றால் கூட்டல்களும் கழித்தல்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நான்கு எண்களுக்குப் பதில் நாற்பதாயிரம் எண்கள் இருந்தாலும் செயல் இதுவே. நீங்கள் பதினோராம் வகுப்பில் படிக்கும் முக்கோணவியலே இதற்குப் போதுமான அடித்தளம்.

சூளையும் ஃபூரியரும்

இந்தக் கணிதம் ஒலியிலிருந்து பிறக்கவில்லை, வெப்பத்திலிருந்து பிறந்தது. பீங்கான் ஊரில் பிறந்த எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தந்தது. ஜோசப் ஃபூரியர் 1768இல் பிரான்சின் ஓசேர் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்று திரும்பி, கிரனோபிள் நகரில் ஆட்சி அலுவலராகப் பணிபுரிந்த காலத்தில், திடப்பொருளில் வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்தார். 1807இல் தம் ஆய்வுரையைப் பாரிஸ் அறிஞர் கழகத்தில் அளித்தார். எத்தகைய வெப்பப் பரவலையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்ற அவரது கூற்றை லக்ராஞ்சு போன்ற பெருங்கணிதர் ஏற்கவில்லை. 1822இல்தான் அது முழு நூலாக வெளிவந்தது.

அவர் கண்டதன் சாரம் இது: ஒரு தண்டில் வெப்பம் ஏற்ற இறக்கமாக இருந்தால், அதை அலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அலையும் பிறவற்றின் தலையீடின்றித் தன் வேகத்தில் தேயும். இருமடங்கு நெருக்கமான அலை நான்கு மடங்கு விரைவாகவும், மும்மடங்கு நெருக்கமானது ஒன்பது மடங்கு விரைவாகவும் தேயும். ஆகவே, அடுத்தடுத்த இடங்களுக்கு இடையிலான வெப்ப வேறுபாடு விரைவில் மறைகிறது. பொருளின் அகலம் முழுவதும் பரந்து கிடக்கும் வேறுபாடோ கடைசிவரை நின்று மெல்லவே மறைகிறது.

சூளையை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது என்று ஊரில் சொல்வதன் காரணத்தை இதில் கண்டேன். சூளை ஆறும்போது வெளிப்புறம் முதலில் குளிர்கிறது. உட்புறம் சூட்டைப் பிடித்துக்கொள்கிறது. பீங்கானில் கரையாமல் எஞ்சிய குவார்ட்சுத் துகள்கள் 573 பாகை செல்சியசில் தம் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டெனச் சுருங்கும். சுவரின் ஒரு பகுதி அந்த வெப்பநிலையைக் கடந்து சுருங்கிவிட, மறுபகுதி இன்னும் சுருங்காமல் நின்றால் இரண்டுக்கும் இடையே இழுபறி ஏற்படும். அங்கே மயிரிழை போன்ற விரிசல் விழும். பளபளப்புப் பூச்சு பல வேளைகளில் அதைக் கண்ணுக்கு மறைத்துவிடும்.

பன்னிரண்டு கோப்பைகள்

அவ்வாண்டு பெரியம்மா வேலை பார்த்த கூடத்துக்குப் புதிய மேற்பார்வையாளர் வந்தார். கணக்கில் கறாரானவர். பெரியம்மா கழித்து வைத்த பன்னிரண்டு கோப்பைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் கீறல் தென்படவில்லை. நல்ல சரக்கை வீணாக்கியதற்காக அவற்றின் விலையைக் கூலியில் பிடிக்கப்போவதாகச் சொன்னார். அது பெரியம்மாவுக்கு ஏறத்தாழ இரண்டு நாள் கூலி. பணத்தைக் காட்டிலும், 'அவருக்குக் காது போய்விட்டது' என்று கூடத்தில் எழுந்த பேச்சே அவரை வாட்டியது. காது போனவருக்கு அம்மேசையில் இடமில்லை. அச்சு தூக்கும் வேலைக்குத்தான் போக வேண்டும். அதற்கு அவர் முதுகு இடம் தராது.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். கழித்த கோப்பைகளை ஒரு கூடையில் வைத்து என் முன் கொண்டுவந்தார்.

"ஏம்மா, நீ காலேஜில சத்தத்தைப் பத்தித்தானே படிக்கிற? இதைக் கேளு. இதுக்குள்ள ரெண்டு பேரு பேசுறாங்க."

தட்டினார். எனக்கு ஒரே ஒலிதான் கேட்டது. சற்று மந்தமான ஒலி என்று வேண்டுமானால் சொல்லலாம். 'இரண்டு பேர்' என்ற சொல் மட்டும் மனத்தில் தங்கியது. பன்னிரண்டையும், ஒப்பிட்டுப் பார்க்க நல்லவை ஐந்தையும் வைக்கோல் சுற்றி எடுத்துக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினேன்.

கணினி ஆய்வகத்தில் ஓர் ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையையும் அவர் தட்டும் இடத்திலேயே தட்டிப் பதிவு செய்தேன். கணினி ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்தது. ஒவ்வொரு தட்டலும் பதிவில் வெவ்வேறு நேரத்தில் தொடங்கியது. அது ஒரு சிக்கலாக இல்லை. ஓர் அலையை முன்னோ பின்னோ நகர்த்தினால் அதன் கூறுகளின் கட்டம் மாறுமேயன்றி அளவு மாறாது. சுவரில் ஒட்டிய பட்டியலின் காலப் பெயர்ச்சிப் பண்பு அதுதான். இப்போது தட்டினாலும் சற்றுப் பொறுத்துத் தட்டினாலும் கோப்பை அதே கோப்பைதானே!

நல்ல கோப்பைகளின் வரைபடத்தில் 1,900 ஹெர்ட்சை ஒட்டி ஒரே ஒரு கூரிய முகடு எழுந்தது. கழித்த கோப்பைகளில் பத்துக்கு, ஏறத்தாழ 40 ஹெர்ட்சு இடைவெளியில் இரண்டு முகடுகள் எழுந்தன. இரண்டு பேர்!

இதன் காரணத்தை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். கோப்பையைத் தட்டும்போது அதன் வட்ட விளிம்பு நீள்வட்டமாக நெளிகிறது. விளிம்பில் நான்கு இடங்கள் மிகுதியாக அசைகின்றன. அவற்றின் இடையே நான்கு இடங்கள் அசையாமல் நிற்கின்றன. பிடியில்லாக் கோப்பையாக இருந்தால் இந்நெளிவு எத்திசையிலும் நிகழலாம். பிடி இருப்பதால் இரண்டு நெளிவுகள் தனித்தனியே பிரிகின்றன. ஒன்றில் பிடியும் சேர்ந்து அசைகிறது. அதன் பாரத்தால் ஒலி சற்றுத் தாழ்கிறது. மற்றொன்றில் பிடி அசையாத இடத்தில் அமர்ந்துவிடுகிறது; ஒலி சற்று உயர்கிறது. பிடிக்கு நேர் எதிரே தட்டினால் தாழ்ந்த ஒலி மட்டும் எழும். பிடியிலிருந்து எட்டில் ஒரு சுற்றுத் தள்ளித் தட்டினால் உயர்ந்த ஒலி மட்டும் எழும். ஒரு கரண்டிக் காம்பு கையில் இருந்தால் போதும். இரண்டு சுரங்களையும் கேட்டுவிடலாம்.

விரிசல் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. அது விழுந்த இடத்தில் சுவர் நெகிழ்கிறது. நெளிவுகளின் திசை திரும்புகிறது. அதனால், பிடிக்கு எதிரே தட்டினாலும் இரண்டு ஒலிகளும் சேர்ந்தே எழுகின்றன. பெரியம்மா எப்போதும் ஏன் அந்த ஓரிடத்திலேயே தட்டினார் என்பது அன்று விளங்கிற்று. நல்ல கோப்பை ஒரே குரலில் பேசவேண்டிய இடம் அது. அதை அவருக்கு யாரும் கற்பித்ததாகத் தெரியவில்லை. பல்லாயிரம் கோப்பைகள் கற்பித்திருக்கலாம்.

ஒலியின் முதல் நூறில் ஒரு பங்கு நொடியை மட்டும் வெட்டியெடுத்துக் கணித்தபோது இரண்டு முகடுகளும் ஒன்றாகக் கலந்து ஒரே மேடாகிவிட்டன. பத்தில் ஒரு பங்கு நொடியைக் கொடுத்தபோது பிரிந்து நின்றன. காலத்தில் குறுக்கினால் அதிர்வெண்ணில் அகலும். காலத்தில் நீட்டினால் அதிர்வெண்ணில் குறுகும். அளவு மாற்றப் பண்பு என்று நான் பலமுறை எழுதித் தேர்ந்த வரி இதுவே. 40 ஹெர்ட்சு வேறுபாட்டைப் பிரித்தறிய, குறைந்தது நாற்பதில் ஒரு பங்கு நொடி கேட்டாக வேண்டும். எந்தக் காதும் எந்தக் கணினியும் இந்த விலையைக் கொடுக்காமல் தப்ப முடியாது.

பதினோராம் கோப்பையில் முகடு ஒன்றுதான். ஆனால், அது கூராக இல்லாமல் அகன்று தாழ்ந்திருந்தது. ஒலி பிறந்தவுடன் மடிந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. பன்னிரண்டாவது, எல்லா வகையிலும் நல்ல கோப்பையைப் போலவே இருந்தது.

வரைபடத்தை மட்டும் காட்டி மேற்பார்வையாளரை இணங்க வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே, பன்னிரண்டையும் சிவப்பு மை கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைத்தேன். கோப்பையின் அடிவளையத்தில் பூச்சு இராது. விரிசல் அங்கு வரை வந்திருந்தால் மை அதன் வழியே ஏறும். காலையில் துடைத்துப் பார்த்தபோது பத்துக் கோப்பைகளிலும் சிவப்பு இழை ஓடியிருந்தது. பதினோராவதில் இழை இல்லை. அடிவளையம் முழுவதும் இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது. அது சரியாக வேகாத கோப்பை. மண் இறுகாமல் நுண்துளைகளோடு நின்றிருந்தது. அத்துளைகள்தாம் ஒலியை விழுங்கின. பன்னிரண்டாவதில் மை ஏறவேயில்லை.

பன்னிரண்டில் பதினொன்று. கூடத்தில் அதற்குமேல் பேச்சு எழவில்லை. மேற்பார்வையாளர் ஒரு கோப்பையின் விலையை மட்டும் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்ததும் நியாயம்தான் என்று பெரியம்மா சொன்னார். அந்தக் கோப்பையை வீட்டுக்கு எடுத்துவந்து நெடுநாள் அதில் தேநீர் குடித்தார்.

மிருதங்கமும் கணினியும்

காதும் கணிதமும் இவ்வாறு சந்தித்தது புதிதன்று. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், ஒளியை ஆராய்ந்து புகழ்பெறுவதற்கு முன்பே இசைக்கருவிகளை ஆராய்ந்தார். இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என ஒழுங்கற்று அமையும். அதனால்தான் பறைவகைகள் பலவற்றின் ஒலியில் திட்டமான சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கருநிறக் கரணை, இம்மேற்சுரங்களை முழு எண் மடங்குகளுக்கு இழுத்து வருகிறது என்பதை இராமனும் சிவகாளி குமாரும் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். பின்னர், தோலின் மீது நுண்மணலைத் தூவி, எவ்விடம் அசைகிறது, எவ்விடம் நிற்கிறது என்பதையும் இராமன் காட்டினார். கரணையை அடுக்கடுக்காய் அப்பித் தேய்த்துச் சுருதி சேர்த்த கைவினைஞர்கள் சைன் அலையை எழுதியவர்கள் அல்லர்.

நான் ஆய்வகத்தில் சில மணிநேரத்தில் முடித்த வேலையை இராமன் காலத்தில் கையால் கணித்திருந்தால் மாதங்கள் ஆகியிருக்கும். 1,024 எண்களை நேர்வழியில் பெருக்கிக் கூட்ட 10,48,576 பெருக்கல்கள் வேண்டும். கூலி, டூக்கி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1965இல் வெளியிட்ட விரைவு முறை, எண்களை ஒற்றை, இரட்டை எனப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போய், அதனைப் பத்தாயிரம் அளவுக்குக் குறைத்துவிட்டது. அதையொத்த வழியைக் கௌசு 1805ஆம் ஆண்டளவிலேயே எழுதி வைத்திருந்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது. உங்கள் வீட்டுக் கைப்பேசி பேச்சைக் கடத்துவதும் படங்களைச் சுருக்கிச் சேமிப்பதும் இக்கணிதக் குடும்பத்தின் துணையால்தான்.

ஜாடிகள்

காதும் அலைகளைப் பிரிக்கும் ஒரு கருவியே. உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் குழலை நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் இருக்கும். அதன் வாயிலருகே உயர்ந்த அதிர்வெண்களும், உள்முனையில் தாழ்ந்த அதிர்வெண்களும் தனித்தனி இடங்களில் உணரப்படுகின்றன. முதுமையில் முதலில் தேய்வது வாயிலருகே உள்ள பகுதி. ஆகவே, உயர்ந்த ஒலிகளே முதலில் மங்குகின்றன. ஃபூரியரின் வெப்ப அலைகளில் நெருக்கமானவை முதலில் தேய்வது என் நினைவுக்கு வந்தது. காரணம் வேறுதான், ஆயினும், வரிசை ஒன்றாயிருந்தது.

பெரியம்மாவுக்கு அறுபதை நெருங்கியபோது இது நேர்ந்தது. சிறு கோப்பைகளின் மேற்சுரங்கள் தமக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதை யாரும் கண்டுபிடிக்கும் முன் அவரே உணர்ந்துகொண்டார். கூடத்தில் சொல்லி, ஊறுகாய் ஜாடிகள் வரும் மேசைக்கு மாறிக்கொண்டார். ஜாடி பெரியது; அதன் குரல் தாழ்ந்தது. நான் அளந்து பார்த்த ஒன்று 600 ஹெர்ட்சை ஒட்டி ஒலித்தது. அந்த எல்லையில் அவர் காது பழுதின்றி இருந்தது.

மேசை மாறியபோது குச்சியையும் மாற்றினார். பழைய கருவேலங்குச்சியின் நுனியில் மிதிவண்டிச் சக்கரத்தின் உட்குழாயை வெட்டி இறுகச் சுற்றியிருந்தார். கடினமான நுனி பொருளைத் தொட்டவுடன் துள்ளி விலகும். அக்குறுகிய தட்டலில் எல்லா அதிர்வெண்களும் அடங்கியிருக்கும். மென்மையான நுனி சற்று நேரம் ஒட்டி நிற்கும். அதில் தாழ்ந்த அதிர்வெண்கள் மட்டுமே இருக்கும். நாம் கேட்பது, தட்டலின் கூறுகளையும் பொருளின் கூறுகளையும் பெருக்கிக் கிடைத்த விளைவு. பெருக்கல் பண்பை விடுதி அறையில் பக்கம் பக்கமாக நிறுவியிருக்கிறேன்.

ரப்பர் எதற்கு என்று அவரிடம் கேட்டேன்.

"ஜாடிக்கு இது போதும்மா. வெறுங்குச்சியால தட்டுனா வேண்டாத கூச்சலும் சேந்து வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜாடியை எடுத்தார்.